பதினைந்து தோட்டா

மான் வேட்டை சீசன் திறக்க நாலு நாள்தான் இருந்தது. அந்த வாரத்தில் என் துப்பாக்கிக் கடைக்கு வருகிறவன் எவனும் சும்மா போகமாட்டான். போன வருஷம் தப்பவிட்ட மானின் கொம்பைக் கையை விரித்து அளந்து காட்டிவிட்டுத்தான் போவான். அந்தக் கொம்பு வருஷத்துக்கு வருஷம் வளரும். முப்பத்தோரு வருஷமாக நானும் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று “அப்படியா, அப்படியா” என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெற்கு மிசௌரி மலைப்பக்கத்தில் நவம்பர் மாதம் வேறு பேச்சு ஏது?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்ததும் வந்தவள் மானைப் பற்றிப் பேசவில்லை. ட்ரெஸ்ஸா என்று பெயர். கோழி ஆலையில் வெட்டுகிற வரிசையில் வேலை பார்க்கிறாள். முப்பது வயது இருக்கும்.

“வீட்டுப் பாதுகாப்புக்கு ஒண்ணு வேணும், ஹேன்லி சார்.”

“யாரு பிடிக்கப் போறது?”

“நான்தான்.”

“வீட்டுல பிள்ளைங்க?”

“ஒரு பொண்ணு. ஆறு வயசு. பூட்டுப் பெட்டியும் சேர்த்தே குடுங்க.”

நான் சொல்லாமலே பூட்டுப் பெட்டி கேட்கிற ஆளை எனக்கு உடனே பிடித்துவிடும். ஒரு பிஸ்டலை எடுத்து, காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு நீட்டினேன். தோட்டா ஏற்றுவதற்கு அதன் மேல்பக்கத்தை அவளால் பின்னுக்கு இழுக்கவே முடியவில்லை. மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடந்தன.

“இந்தக் கையை வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு எத்தனை கோழிம்மா?”

“யாரு எண்ணுறாங்க? கோழி வர்ற பெல்ட் நின்னா நானும் நிப்பேன். அது எங்க நிக்குது?” சிரித்துவிட்டு அலமாரியைக் காட்டினாள். “அதோ, சின்னதா, லேசா, ரோஸ் கலர்ல ஒண்ணு இருக்கே. பொம்பளைங்களுக்குன்னு போட்டிருக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போட்டவனை உதைக்கணும்! லேசா இருந்தா சுடும்போது உன் கையைத்தான் பதம் பார்க்கும். கம்பெனிக்காரன் அனுப்பி வச்சான், ஒருத்திக்கும் அதை நான் விக்கலை. கனமா இருக்கிறதுதான் உனக்கு நல்லது. இந்தா, இதைப் பிடி.”

கனத்த ரிவால்வர் ஒன்றைக் கொடுத்தேன். இழுக்கிற வேலை இல்லை. விரலும் விசைக்குச் சரியாக எட்டியது. அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

“இதுல எத்தனை?”

“ஆறு.”

ரிவால்வரை மெதுவாக மேசைமேல் வைத்தாள். “எதிர்ல நிக்கிறவன்கிட்ட பதினஞ்சு இருந்தா?”

“திருடன்கிட்ட எத்தனை இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“இங்கதானே வாங்கினோம், ஹேன்லி சார்.”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இல்லை, பொய் சொல்வானேன், அவள் உள்ளே நுழைந்தபோதே ஞாபகம் வந்துவிட்டது. நான்தான் அதை அமுக்கி வைத்திருந்தேன்.

போன வருஷம் அவள் புருஷன் ராய்ஸோடு வந்திருந்தாள். ராய்ஸ் நல்ல கலகலப்பான ஆள். வரும்போதெல்லாம் வீட்டில் செய்த மான்கறி சாசேஜ் கொண்டுவருவான். முதல் பெண்டாட்டியின் தாடையை உடைத்து ஜெயிலுக்குப் போனவன் என்பதும் ஊருக்கே தெரியும். அந்த மாதிரிக் கேஸ் உள்ளவனுக்குச் சட்டப்படி ஒரு தோட்டாகூட விற்கக் கூடாது. “எனக்கில்ல டெல்பர்ட், இவளுக்கு” என்று என்னிடம் சொன்னான். நான் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். நானும் அவனைப் பார்த்தேதான் பேசினேன். அரசாங்கப் படிவத்தில், உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி உண்டு. அங்கே வந்ததும் அவள் பேனா நின்றது. “ஆமான்னு போடுடி” என்று ராய்ஸ் விரலை வைத்துக் காட்டினான். நான் திரும்பி நின்று தோட்டாப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

“செப்டம்பர்ல அவனை வெளிய அனுப்பிட்டேன்,” என்றாள் ட்ரெஸ்ஸா. “கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. அவன் ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டு வீட்டையே பார்த்துட்டு உக்காந்திருக்கான். அந்தப் பதினஞ்சு தோட்டா பிஸ்டல் அவன் மடியில இருக்கு.”

“ஷெரிஃப்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா நான்தான் உள்ள போவேனாம். படிவத்துல பொய்க் கையெழுத்து என்னோடதாம். அப்புறம் பொண்ணு தனக்குத்தானாம். சிரிச்சுக்கிட்டே சொல்றான்.”

“நீ கையெழுத்துப் போட்டப்போ நான் கவனிக்கலை...” என்று ஆரம்பித்தேன்.

“கவனிச்சீங்க. முதுகைக் காட்டிட்டு நின்னீங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த ரிவால்வரைப் பெட்டியில் போட்டுக் கொடுத்து, ஜாக்கிரதையாக இரு என்று அனுப்பியிருக்கலாம். நான் விற்ற ஒன்றுக்கு எதிராக நானே இன்னொன்றை விற்று, நடுவில் அவளை நிறுத்திவிட்டு. அப்படியும் பிழைப்பு நடக்கும். எனக்கு என்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது.

அலமாரியிலிருந்து போன வருஷப் படிவத்தைத் தேடி எடுத்தேன்.

“அப்ப எனக்குத் தரமாட்டீங்களா?” என்றாள்.

“தரேன்ம்மா. இது உன் உரிமை. சுடவும் சொல்லித் தரேன். அதுக்கு முன்னாடி அவன் மடியில இருக்கிறதை எடுக்கணும். வா, வண்டியில ஏறு.”

ஷெரிஃப் ஆபீஸில் இருந்த டெபுட்டி போலீஸ்காரன் இருபது வருஷமாக என்னோடு வேட்டைக்கு வருகிறவன். “என்ன டெல்பர்ட், சீசன் வாரத்துல கடையைப் பூட்டிட்டு வந்திருக்கே? உலகம் அழியப் போகுதா?” என்று சிரித்தான். படிவத்தைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. ராய்ஸ் வண்டியைத் தேடி உடனே இரண்டு பேரை அனுப்பினான். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“யோசிச்சுச் சொல்லு, டெல்பர்ட். அது ராய்ஸுக்குத்தான்னு விக்கும்போதே தெரியுமா? இல்ல, பின்னாடிதான் தெரிஞ்சுதா?”

பழைய சிநேகிதன், எனக்கு வழி விடுகிறான். ‘பின்னாடிதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என் லைசென்ஸ் பிழைக்கும். கடையையும் ஏமாற்றியவள் என்று இவள் ஒருத்தி மட்டும் நிற்பாள். ட்ரெஸ்ஸா என்னைப் பார்க்கவில்லை. வீங்கின கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

“விக்கும்போதே தெரியும், எழுதிக்கோ,” என்றேன். “அவன் கை அளவுக்குப் பார்த்துத்தான் எடுத்துக் குடுத்தேன்.”