சிட்டு பெயரில் ஒரு கிருமி

திரையில் இரண்டு கிருமிகளின் மரபணு வரிசைகளும் கச்சிதமாகப் பொருந்தின. அக்கா இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

அவற்றில் ஒன்று, சில வருடங்களுக்கு முன் தம்பியின் பல்லிடுக்கிலிருந்து பஞ்சுக் குச்சியால் அவள் எடுத்த கிருமி. யாரும் பார்த்திராத புது இனம் என்று ஆய்வுக்கூடமே துள்ளியது. கண்டுபிடித்தவள் பெயர் வைக்கலாம். தம்பியின் செல்லப் பெயரான சிட்டுவுக்கு ஒரு லத்தீன் வாலை ஒட்டி வைத்தாள். 'வாயில் வாழும் சாது, நோய் தராது' என்று கட்டுரையும் எழுதினாள்.

"அவனவன் குழந்தைக்குப் பேர் வைப்பான். என் பொண்ணு கிருமிக்கு வெச்சிருக்கா" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள்.

இன்று முழு மரபணுவையும் ஒப்பிட்டால், அது புது இனமே இல்லை. இதய வால்வில் ஒட்டிக்கொண்டு ஆளைத் தின்னும் பழைய இனம்.

"ஒரு பேர் போகுது, கிருமி பழைய இனத்தோட சேருது, அவ்வளவுதானே. இதுக்கு ஏன்மா பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றார் துறைத்தலைவர்.

"என் தம்பிக்குப் பிறவியிலேயே வால்வு கசியும் சார். போன மாசம்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினான்."

அவர் மேசைமேல் கிடந்த போனை அவள் பக்கம் தள்ளினார். பல் பிடுங்கிய புண் வழியே வாய்க் கிருமி ரத்தத்தில் இறங்கி, பழுதான வால்வில் ஒட்டிக்கொள்ளும். இது அவருக்கும் தெரியும்.

அவள் தம்பிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நூறு வயசு உனக்கு! ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். கொஞ்ச நாளா சாயங்காலமானா காய்ச்சல். நீ பயப்படுவேன்னு சொல்லல. டெஸ்டுக்கு எடுத்த ரத்தத்துல என்ன கிருமி வளர்ந்துச்சு தெரியுமா? நம்ம ஆளு! மெஷின் என் பேரையே சொல்லுச்சாம்!"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ரத்தம் எடுக்கறப்ப யாரோ எச்சில் தெறிக்கப் பேசியிருப்பாங்களாம், அதுல கலந்திருக்குமாம். உன் கட்டுரையைத் தேடிப் படிச்சுட்டு, சாதுக் கிருமி, வீட்டுக்குப் போன்னுட்டார். பெருமையா இருந்துச்சுக்கா."

"வால்வு கசியறதைச் சொன்னியா?"

"காய்ச்சலுக்கும் அதுக்கும் என்ன? அவர் கேக்கல, நான் சொல்லல."

"டேய், கட்டிலை விட்டு இறங்காதே! இதோ வரேன்!"

டாக்ஸி ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. வால்வில் ஒட்டியதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால்? அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வார்டில் அவன் கட்டில் காலியாக இருந்தது. ஆயா விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். "இதுல இருந்த பையன் எங்கே?" என்றாள் அக்கா.

"அந்தத் தம்பியா? லிப்ட் பக்கம் போச்சும்மா."

ஓடினாள். லிப்டின் முன்னால் பையோடு நின்றான் தம்பி. முகம் வெளிறியிருந்தது. பக்கத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பிய இளம் டாக்டர்.

"பதறாதீங்க" என்று டாக்டர் சிரித்தார். "இது ஒண்ணும் பண்ணாதுன்னு கண்டுபிடிச்சவங்களே எழுதியிருக்காங்க."

"அந்தக் கண்டுபிடிச்சவ நான்தான் டாக்டர். எழுதினது தப்பு. அந்தப் பேரே இனி கிடையாது."

பழைய இனத்தின் பெயரைச் சொன்னாள். தம்பியின் வால்வைப் பற்றியும் சொன்னாள். டாக்டரின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"வீல் சேர்!" என்று கத்தினார்.

ஸ்கேன் அறையில் இருட்டு. திரையில் வால்வு திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் அரிசிக் குருணை போல ஏதோ தொங்கியது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது படபடத்தது.

டாக்டர் கிருமியைக் கொல்லும் மருந்தை உடனே ஏற்றும்படி நர்ஸிடம் சொன்னார். அவள் மருந்துப் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டி, ஊசியைத் தம்பியின் கையில் ஏற்றினாள்.

"அக்கா, அதுதானா நம்ம ஆளு?"

"பேசாம படு."

"என் பேரை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்டா."

"இப்ப அதுக்கு என்ன பேர்?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. குருணை படபடத்தது. இன்னும் பிய்ந்துவிடவில்லை.