முகடில்லாத கூரைக்கு ஒரு விருந்து

கைவோலா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் கூடம் திங்கள் முதல் சனிவரை நாளுக்கு நான்கு விரற்கடை ஏரிப் பக்கம் நகரும், ஞாயிறன்று பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஐம்பத்தாறில் கட்டி முடித்த நாளிலிருந்தே இப்படித்தான். ஊரில் இது தெரியாதவர் யாருமில்லை. ஆனால் பின்லாந்தில் அடுத்தவரைத் தொந்தரவு செய்வது பெரிய குற்றம் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேராசிரியர்கள் சற்று வளைந்து நடந்தார்கள். காவலாளி தொய்வோ தினமும் காலையில் மிதியடியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டார்.

ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துக் கூடத்தைப் புதுப்பித்து, பக்கத்தில் ஒரு புதிய பகுதியும் சேர்த்துக் கட்டத் தொடங்கியபோதுதான் வம்பு வந்தது. புதுச் சுவர் நெருங்க நெருங்கப் பழைய கூடம் ஒரு சாண் விலகிப் போனது. இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் மழை கொட்டியது. ஆகஸ்ட் முடிவதற்குள் இரண்டும் சேராவிட்டால் பழையதை இடித்துவிடுவது என்று கட்டடக் குழு முடிவெடுத்தது. வேலைக்குப் பொறுப்பாளரான ரைலிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்தக் கூரையை அடித்த தச்சர்களில் அவள் அப்பா ஆர்வோவும் ஒருவர். அவர் கையால் ஆனதில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே கிடையாது. அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவார், பிறகு சன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார், சாகும்வரை நடந்தார். அவளும் அதே ரகம்தான். முப்பது வருடமாகக் கட்டுமானக் கொட்டகைகளில் வாழ்ந்தவள், பெட்டியை முழுசாகப் பிரித்து வைத்ததில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டுத் தொய்வோவிடம் கேட்டாள்.

"எத்தனை நாளா இது நகருது?"

"நான் வேலைக்குச் சேந்ததுலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

ஜூன் மாதம் கூரையின் பழைய தார்த்தாளை உரித்தபோது அடியில் ஒரு வைக்கோல் பொம்மை மல்லாந்து கிடந்தது. தலையில் தொப்பி, கழுத்தில் டை, வைக்கோல் நேற்று அறுத்ததுபோல் மணத்தது. டையின் முடிச்சு அப்பா போடும் முடிச்சு. ரைலிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த நாட்டு வழக்கப்படி வீட்டுக்கு முகடு ஏறியதும் கட்டுவிக்கிறவர் வேலைக்காரர்களுக்குப் பட்டாணி சூப்பும் பீரும் வைத்து முகட்டு விருந்து கொடுக்க வேண்டும். கொடுக்காத கஞ்சனின் உருவத்தை வைக்கோலில் செய்து முகட்டில் தொங்கவிடுவார்கள். இந்தக் கூடமோ புதுப்பாணியில் தட்டைக் கூரையோடு எழுந்தது. முகடே இல்லாதபோது முகட்டு விருந்து ஏது என்று அன்றைய நிர்வாகம் கையை விரித்திருக்கிறது. தொங்கவிட இடமில்லாமல் தச்சர்கள் கஞ்சனைப் படுக்க வைத்துத் தாரடித்து மூடியிருக்கிறார்கள். அந்த விருந்துக் கடன் தீராமல்தான் கூடம் ஓரிடத்தில் உட்காராமல் அலைகிறது.

அவள் கட்டடக் குழுத் தலைவர் லிண்ட்குவிஸ்டிடம் போய் விருந்து வைக்கச் சொன்னாள். அவர் வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார்.

"புதுசுக்கும் முகடு இல்லையே, ரைலி."

"முகடு இல்லதான். அன்னைக்குக் கட்டினவங்களுக்கு வயிறு இருந்துச்சே."

அவர் மசியவில்லை. அவளே அண்டா வாங்கி இரண்டு நாள் பட்டாணி வேகவைத்தாள். வியாழக்கிழமை நண்பகலில், கூடைப்பந்துத் தளத்தில் நீள மேசைகள் போட்டு இன்றைய ஆட்களை உட்கார வைத்தாள். சூப்பு ஊற்றத் தொடங்கியதும் ஏரிப் பக்கக் கதவு வழியாக அன்றைய தச்சர்கள் முப்பத்தேழு பேர் வந்தார்கள். தளம் கீறக்கூடாதென்று வாசலிலேயே பழைய பூட்சுகளைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். ஜூனிலும் அவற்றில் பனி ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அப்பா ஆர்வோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ரைலி அவர் தட்டில் சூப்பு ஊற்றினாள். அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார், கடுகு விழுது போதாது என்றார். பிறகு பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினார்.

"உக்காரு பாப்பா. ஆறிடும்."

அவள் உட்கார்ந்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

பிற்பகலில் பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே அளவெடுத்தவர் இடைவெளி பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் தொய்வோ மிதியடியை இழுக்க வந்தபோது அது வாசலுக்கு நேராகவே கிடந்தது. சற்று நேரம் அதன்மேல் நின்று பார்த்தார். அதைப் பற்றி யாரிடமும் அவர் சொல்லவில்லை.