திரௌபதியின் பீங்கான் பல்

பல்லை வரிசையாக்கும் கம்பியை மாட்ட முன்பல்லில் ஒட்டிய பிராக்கெட் மூன்றாவது முறையாக விழுந்திருந்தது. திரௌபதி அதைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கீழ்பென்னாத்தூரில் டீச்சர் வேலை. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றபடியே வந்தவள், நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பல் டாக்டர் அன்புச்செல்விக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து பதினாறு பேர்.

"சாப்பிடும்போது விழுந்துச்சா?"

"இல்லைங்க. பாடம் நடத்தும்போது. பசங்க முன்னாடியே வாய்லருந்து எடுத்தேன்."

மற்றப் பற்களில் ஒட்டிய பிராக்கெட்டுகள் அசையவே இல்லை. இந்த முன்பல் மட்டும் பீங்கான். நான்கு வருடம் முன்பு, 1999இல், உடைந்த பல்லின்மேல் அன்புச்செல்வியே போட்ட உறை. பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. அந்த மினுமினுப்பில் பசை நிற்காதென்று தெரிந்தும், சுரண்ட மனசு வராமல் மூன்று முறையும் துடைத்துவிட்டு மட்டும் ஒட்டியிருந்தாள்.

விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். பசை முழுக்க அதோடே வந்திருந்தது. ஒரு ஓரம் தடிப்பு, மறு ஓரம் ஒன்றுமில்லை. தட்டையான அடிப்பாகம் பல்லின் வளைவில் உட்காரவே இல்லை.

"தப்பு என்னுதுதாம்மா" என்றாள். "பீங்கானைச் சொரசொரப்பாக்கி ஒட்டியிருக்கணும். அடிப்பாகம் வளைஞ்சு, வலை பின்னின பிராக்கெட் ஒண்ணு இருக்கு, அது நிக்கும். ஆனா ஜாஸ்தி புடிச்சுக்கிச்சுன்னா, கழட்டும்போது பீங்கான் பேந்தாலும் பேந்துரும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருக்கணும்."

திரௌபதி, "பண்ணுங்க" என்றாள்.

ஈறில் படாதபடி ரப்பர் விரிப்பு கட்டி, பீங்கானில் அமிலம் தடவிக் கழுவியபோது பளபளப்பு செத்து வெளிறியது. தன் கையால் செய்ததைத் தானே கெடுப்பதுபோல் இருந்தது அன்புச்செல்விக்கு. அதன்மேல் பசை பிடிக்க ஒரு திரவம், பிறகு புதுப் பிராக்கெட்.

பதினான்கு மாதம் அது விழவில்லை. பற்கள் வரிசைக்கு வந்தன. கழற்றும் நாளில் அன்புச்செல்வி இடுக்கியை மெல்லத்தான் அழுத்தினாள். ஆனாலும் ஓரத்தில் நொய்யளவு பீங்கான் பெயர்ந்து வந்துவிட்டது.

"புது உறை போட்டுத் தரேன். என் பொறுப்பு."

திரௌபதி கண்ணாடியைப் பார்த்தபடி நாக்கால் அந்த இடத்தைத் தடவினாள்.

"வேணாங்க டாக்டர். இன்னொரு வாட்டி வாயைத் தொறந்துட்டு உக்கார என்னால ஆகாது. தேய்ச்சு மட்டும் விடுங்க."

அன்புச்செல்வி தலையாட்டிவிட்டு, மெருகு போடும் ரப்பர் சக்கரத்தைத் தேடினாள்.