ஆறு மணிக்குள் தலையைக் காட்ட வேண்டிய மாப்பிள்ளை

கல்யாணத்துக்குத் தேதி குறிப்பதில் நான் கெட்டிக்காரி என்று எங்கள் சபையில் பேர் உண்டு. திருத்தணியில் அது லேசான வேலை இல்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில் எங்கள் சபைக் கோவிலில் கல்யாணம் கிடையாது. கிருத்திகை வந்தால் பஸ்ஸில் கால் வைக்க முடியாது, மண்டபம் கிடைக்காது, மலை ரோட்டில் இருக்கும் என் தையல் கடையில் காவடிக்காரர்களின் மஞ்சள் துணி தவிர வேறொன்றும் தைக்க முடியாது. இத்தனையும் பார்த்துத்தான் என் மகள் கெசியாவுக்கு அந்தச் சனிக்கிழமையைக் குறித்தேன். மாப்பிள்ளைக்கு அந்த நாள் ஆகுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஆகாத நாள் என்று ஒன்று இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மாப்பிள்ளை பேர் இவான். ஆண்டுவிழாவுக்கு முன்னால் எங்கள் கோவிலுக்கு பெயிண்ட் அடிக்க வந்தவன். கெசியா அரக்கோணத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். யாரோடும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள். அவள் தானாக எழுந்து சாரத்தடிக்கு டீ கொண்டுபோனபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"எந்த ஊருப்பா?" என்று அன்றைக்கு நான் கேட்டேன்.

"முகாம்க்கா."

"முகாம் ஒரு ஊரா?"

"அங்கதான் பொறந்தேன். வேற ஊரு கேட்டா சொல்றதுக்கு இல்ல."

அவன் அப்பா அம்மா சண்டைக்குப் பயந்து இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். அவன் அந்தக் கரையைப் பார்த்தது கூட இல்லை. இங்கே பிறந்து, இங்கே படித்து, எங்களைப் போலவே 'ஆங்' போட்டுப் பேசுகிறவன். அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் 'ஓம்' என்பான். முப்பது வயது ஆகப்போகிறது, இந்த நாட்டுக்காரன் என்று சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை, அந்த நாட்டுக்காரன் என்று சொல்லவும் இல்லை. அகதி முகாம் பதிவேட்டில் பேர் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல வேண்டியவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் கேட்பார். யாரும் வாயைத் திறப்பதில்லை. மூன்றாம் ஞாயிறு ஜெபரத்தினம் பாவா எழுந்து நின்றார். அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன், சபை மூப்பர். வீட்டுக்காரர் தவறியபிறகு கெசியாவைப் படிக்க வைத்தவரே அவர்தான். அதனால் எனக்கு வந்த கோபத்தை முழுசாகக் காட்டவும் முடியவில்லை.

"தடைன்னு சொல்லல பாஸ்டர். இந்தப் பையனுக்கு எந்த நாடுன்னு யாராவது சொல்லுங்க. நாளைக்கு ஒரு கொழந்த பொறந்தா அதுக்கு எந்த நாடு? வக்கீல்கிட்ட கேட்டேன், அவரே உறுதியா சொல்ல மாட்டேன்றாரு."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏற்கனவே கல்யாணம் ஆயிருக்கா, ரத்த உறவா, அதுதான் தடை மூப்பரே. நாடு இல்லாதது சபைக்குத் தடை இல்ல."

பாவா உட்கார்ந்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இவான் கடைசி பெஞ்சில் தான் பெயிண்ட் அடித்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் கடைக்கு வந்து தையல் மிஷின் பக்கத்தில் நின்றான்.

"அத்த, அந்த சனிக்கிழம முகாம்ல செக்கிங்."

மாதம் ஒருமுறை அதிகாரிகள் வந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, ஆள் இருக்கிறானா என்று பார்ப்பார்களாம். இல்லையென்றால் பேரை அடித்துவிடுவார்களாம். அந்தப் பேரும் போனால் அவன் எங்கேயும் இல்லை.

"இத்தன நாளா வாயில என்னா கொழுக்கட்டயா வச்சிருந்த?"

"நீங்க தேதி சொன்னப்போ அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. லீவு கேட்டு வாங்கிடலாம்னு நெனச்சேன். மனு குடுத்தேன். சாயந்தரம் ஆறு மணிக்குள்ள வந்து தலையக் காட்டு, ராத்திரி உள்ளதான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க."

பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. தள்ளிப்போட்டால் பாவா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். என் வீம்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கெசியாதான் வழி சொன்னாள். "நானும் கூடவே போறேம்மா. புருஷன் வீட்டுக்குப் போறதுல என்னா இருக்குது?" முதல் ராத்திரி பெண் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். அதை விட்டுக்கொடுத்தபோது பெரிய தியாகம் செய்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு நினைப்பு.

பாவாவே கெசியாவின் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் அழைத்து வந்தார். அன்று அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பந்தி முடியுமுன்பே வேன் ஏறினோம். திருவள்ளூர் தாண்டி ரோடு அடைத்துக்கொண்டது. இவான் கைக்கடிகாரத்தையும் லாரிகளையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லாரும் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டோம்.

ஆறு மணிக்குச் சில நிமிஷமே இருந்தது. முகாம் வாசலில் இறங்கியதும் அவன் மாலையோடு ஓடினான். உள்ளே மைதானத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் பேரைக் கூப்பிட்டார்கள். கோட்டும் மாலையுமாக அவன் கையைத் தூக்கி, "இருக்கேன் சார்" என்றான். அதைப் பார்க்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கெசியா கம்பிக் கதவைத் தள்ளினாள். காவலுக்கு இருந்தவர் எழுந்து வந்தார்.

"யாரும்மா நீங்க?"

"அவரோட சம்சாரம்."

"பதிவுல பேரு இருக்குதா?"

"இன்னிக்கிதான் சார் கல்யாணம்."

"வெளியாளுங்க ராத்திரி தங்கக்கூடாதும்மா. திங்கக்கெழம மனு குடுங்க, விசாரிச்சு சொல்லுவாங்க." சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கொண்டுவந்து கெசியாவுக்குப் போட்டார். நல்ல மனிதர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என் பொண்ணுகிட்ட ஆதாரு இருக்குது, ஓட்டு இருக்குது, பாஸ்போர்ட்டே இருக்குது. எல்லாம் எடுத்துகினுதான் வந்திருக்கேன்" என்று பையைத் திறந்து நீட்டினேன்.

"அதெல்லாம் இருக்கறதாலதாம்மா சொல்றேன். உங்களுக்கு ஊரு இருக்குதில்ல? அங்க போங்க."

இவானின் அம்மா பால் டம்ளரோடு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். மருமகளுக்காகக் காய்ச்சியது. கம்பி வழியாகவே அதை நீட்டினாள். கெசியா பாதி குடித்துவிட்டு மீதியைக் கம்பி வழியாக இவானிடம் கொடுத்தாள். பாவா வேனுக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, திங்கக்கெழம வரலாம்" என்றேன்.

கெசியா காவலரைப் பார்த்துக் கேட்டாள்: "சார், மனுல என்னான்னு எழுதணும்? என் பேரையும் இவங்க பதிவுலயே சேத்துடுங்கன்னு எழுதலாமா?"

"ஊரு இருக்கறவங்க யாரும் இதுவரைக்கும் அப்படிக் கேட்டதில்லம்மா" என்றார்.

கெசியா என் பக்கம் திரும்பி, அவள் கார்டெல்லாம் இருந்த பையைக் கேட்டுக் கை நீட்டினாள். அவனை எங்கள் பக்கம் கொண்டுவந்துவிடுவதாகத்தான் நான் இத்தனை நாளும் சபையோடும் பாவாவோடும் மல்லுக்கு நின்றேன். என் பெண் அந்தப் பக்கம் போவாள் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டேன். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.