கிளி ஒட்டிய பெட்டி

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பாண்டிச்செல்வி தூக்குவாளியைத் திறக்காமல் கேட்டுக்கு நடந்தாள். பட்டாசு ஆபீஸ் என்று ஊரார் சொல்லும் ஆலைக்குள் கைப்பேசி கூடாது. காலையில் வந்ததும் எல்லோரும் வாட்ச்மேன் சங்கிலிமுத்துவிடம் கொடுத்துவிட வேண்டும். வெளியே வேப்பமரத்தடியில் தன் கைப்பேசியைத் தடவியபடி உட்கார்ந்திருந்த அவன், இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணே, இன்னைக்கு எப்பிடிப் போகுது?"

"லீவு நாள்ல ஏறும்னாக. ஏறல தாயி. பல ஊர்ல காட்சியையே தூக்கிட்டாகளாம்."

அவள் விசாரித்தது ஒரு இந்திப் படத்தின் வசூலை. அவளுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிப் பிழைக்கிறவள், பம்பாய்க்காரன் எடுத்த படம் ஓட வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை நேர்ந்திருந்தாள் என்றால் சிரிப்புத்தான் வரும். அவள் மகள் ஓவியாவைத் தெரிந்தவர்களுக்கு வராது.

வடக்கத்தி வியாபாரிகள் வருஷா வருஷம் புதுப் படத்தின் சாயலில் பெட்டி கேட்பார்கள். எந்தப் படம் ஓடும் என்று ஆடியிலேயே யூகித்து லேபிள் அடித்தால்தான் தீபாவளிக்கு லோடு போய்ச் சேரும். முதலாளி காளிராஜ் இந்த வருஷம் யூகித்தது, எருமை மேய்த்த பெண்ணொருத்தி ஓட்டப்பந்தயத்தில் நாட்டுக்கே பேர் வாங்கித் தரும் கதை. நடிகையின் படத்தைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். படத்தில் அவள் போட்டு ஓடுவது மாதிரியே நீல உடுப்பை மாட்டி உள்ளூர்ப் பெண் யாரையாவது ஓடவிட்டுப் படம் பிடித்தால் என்ன என்று அச்சகத்தில் யோசனை சொன்னார்கள். உள்ளூர்ப் பெண் என்றால் ஓவியாதான். நானூறு மீட்டரில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவள். ஆமத்தூர் மைதானத்தில் வெயில் சாயும்வரை அவளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் படம் எடுத்தார்கள்.

"படம் மட்டும் நல்லாப் போகட்டும், பாண்டிச்செல்வி. இந்தப் பெட்டிதான் நம்ம கம்பெனிக்கு அடையாளம். ஒம் மகள பெங்களூர்ல கோச்சிங் சேக்கிறது எம் பொறுப்பு" என்றார் காளிராஜ். மனசாரத்தான் சொன்னார்.

அதை நம்பி ஒரு காரியம் செய்தார்கள். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓவியாவைக் கூப்பிட்டிருந்தது. போகிறேன் என்றவளை, "பெங்களூரு எங்க, கோயம்புத்தூரு எங்க?" என்று தடுத்தது பாண்டிச்செல்விதான். கடைசித் தேதி போய்விட்டது. பேக்கிங் அறையில் பக்கத்தில் உட்காரும் செல்லக்கனி, "ஏத்தா, காலைல இருந்து ஒம் மகளத்தான் ஒட்டிக்கிட்டே இருக்கேன், கைதான் வலிக்கி" என்று கேலி பேசுவாள். ஒவ்வொரு லேபிளையும் சுருக்கம் விழாமல் நீவிவிடும்போது பாண்டிச்செல்விக்கு மகளுக்குத் தலைவாரி விடுவதுபோல இருக்கும்.

"படத்துல அந்தப் புள்ள ஜெயிக்காளாண்ணே?" என்று வேப்பமரத்தடியில் நின்றபடியே பாண்டிச்செல்வி கேட்டாள்.

"ஜெயிக்காளாம் தாயி. பாக்கத்தான் ஆளில்ல" என்றான் சங்கிலிமுத்து.

அடுத்த வாரம் காளிராஜே பேக்கிங் அறைக்கு வந்தார். பாட்னாவிலிருந்தும் இந்தூரிலிருந்தும் சொல்லிவிட்டார்களாம், படுத்துப்போன படத்துப் பெட்டி தங்களுக்கு வேண்டாம் என்று. என்றைக்கோ அடித்து மிஞ்சிப்போன கிளி ஸ்டிக்கர்கள் குடோனில் கிடந்தன. எல்லாப் பெட்டியிலும் முகத்தின்மேல் கிளியை ஒட்டிவிடச் சொன்னார்.

பாண்டிச்செல்வி எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, ஓவியாவப் பெங்களூருக்கு அனுப்புறதாச் சொன்னீக..."

"ராசியில்லாத மூஞ்சிங்கான் வியாபாரி. நான் என்னம்மா செய்ய?" அவர் அவளைப் பார்க்காமல் பெட்டிகளைப் பார்த்தார். "சீசன் முடியட்டும், பேசுவோம். ஸ்டிக்கர் ஒட்ட ஆள் பத்தல. அவ வீட்லதான இருக்கா, கூட்டிட்டு வா."

எங்கேயோ ஒருத்தி ஓடுகிற மாதிரி நடித்தது எடுபடவில்லை. அதற்கு, நிஜமாகவே ஓடி ஜெயித்த பிள்ளைக்கு ராசியில்லை. பாண்டிச்செல்விக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. தீபாவளிவரை இந்த வேலை வேண்டும் என்பதால் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. செல்லக்கனிதான் ஓவியாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை ஓவியா தானாகவே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினாள். "நீ வர வேண்டாம்டீ" என்றதற்கு, "சும்மா இருந்து என்ன செய்ய? கோயம்புத்தூருக்கா போயிருக்கேன்?" என்றாள்.

முதல் பெட்டியை மட்டும் ஓவியா கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு கிளியை எடுத்துத் தன் முகத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். அடுத்ததை எடுத்தாள். மதியத்துக்குள் மற்றவர்களைத் தாண்டிவிட்டாள்.

"புள்ளைக்கு நல்ல வேகம்" என்றார் போர்மேன் இராமகிருஷ்ணன், உண்மையான சந்தோஷத்தோடு.

"கிளி சின்னதா இருக்கு சார். காலு தெரியுது" என்றாள் ஓவியா.

"தெரிஞ்சாத் தெரியட்டும். கால வச்சு ஆளு யாருன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

பாண்டிச்செல்வி தலையைத் தூக்கினாள். மகளுக்குப் பின்னால் பெட்டிகள் சுவர் உயரத்துக்கு எழும்பியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக்கிளி, அதற்குக் கீழே தரையில் படாமல் ஓடும் இரண்டு கால்கள்.