லாம்பர்ன் அம்மாவின் இரட்டைக்குழல்

ஹராரே நகரத்துக்கு வடமேற்கே இருக்கும் எங்கள் கரோய்ப் பக்கத்தில் ஒரு வேட்டைக்காரனுக்கு மரியாதை அவன் தோளில் இருப்பதைப் பார்த்துத்தான். எத்தனை காட்டெருமையைச் சாய்த்திருந்தாலும் சரி, தோளில் இருப்பது ஒற்றைக்குழல் என்றால் அவன் பாதி வேட்டைக்காரன். முகோவே அப்படிப் பாதி வேட்டைக்காரனாகப் பல வருடம் இருந்தான். வெளிநாட்டு விருந்தாளிகளைப் பள்ளத்தாக்குக் காட்டுக்குள் கூட்டிப்போய், சுடவைத்து, உயிரோடு திருப்பிக் கொண்டுவருவது அவன் தொழில். கெட்டிக்காரன்தான், இல்லை என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் வேட்டைக்காரர் சங்கத்தில் இறைச்சி வாட்டும் நாட்களில் தலைவர் மபிகா சும்மா இருக்க மாட்டார்.

"என்னப்பா முகோவே, மாடு மேய்க்கிற கம்பை இன்னும் நீ விடலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். கூட்டம் சிரிக்கும். முகோவேயும் சிரிப்பான், ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சட்சாக் களி தொண்டையில் இறங்காது.

போன வருடம் லாம்பர்ன் துரை படுக்கையில் செத்துப்போனார். வாழ்நாள் முழுக்க யானைக்குப் பின்னால் நடந்த மனுஷன் காய்ச்சலில் போனார். அவருடைய இரட்டைக்குழல் ரைஃபிள் ஊருக்கே தெரியும். பெரிய தோட்டா, தடித்த இரண்டு குழல், வலது குழலுக்கு முன்விசை, இடது குழலுக்குப் பின்விசை. சீமையிலிருந்து யார் யாரோ கேட்டு எழுதினார்கள். அவர் சம்சாரம் லாம்பர்ன் அம்மா அவர்களுக்குக் கொடுக்கவில்லை. "சுவத்துல மாட்டி வைக்கிறவனுக்கு எதுக்கு? காட்டுல நடக்கிறவனுக்குத்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு முகோவேக்கு ஆள் அனுப்பினார். அவன் தன் மாடுகளில் பாதியை விற்றுவிட்டு அங்கே போய் நின்றான்.

கூடவே நோமேட்டரும் போனான். நோமேட்டர் அவனுக்குத் தடம் பார்த்து முன்னால் நடக்கிறவன். அதைவிட முக்கியம், அவன் முகோவே வீட்டுக்கு 'சாவிரா', பரம்பரைத் தோழன். அந்த உறவுக்கு வாயைக் கட்ட முடியாது. சாவிரா சாவு வீட்டில் செத்தவனையே கிண்டல் செய்யலாம், அடுத்தவன் சொல்லப் பயப்படுவதை மூஞ்சிக்கு நேரே சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முகோவே காட்டெருமைக் குலம். அவர்கள் அந்த இறைச்சியைத் தொடக்கூட மாட்டார்கள். போகிற வழியெல்லாம் நோமேட்டர் அதையே பிடித்துக்கொண்டான்.

"சொந்தப் பங்காளியைச் சுடறதுக்கு இவ்வளவு பெரிய துப்பாக்கியா? உங்க குடும்பத்துல சொத்துத் தகராறு பலமா இருக்கும் போலயே!"

லாம்பர்ன் அம்மா சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் ரைஃபிளை வைத்திருந்தார். "திறந்து பாருப்பா" என்றார். முகோவே கையில் எடுத்தான். மேலே இருந்த நெம்புகோலை இடப்பக்கம் தள்ளினான். அது அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினான். அம்மா விரலை நீட்டி வலப்பக்கம் லேசாக ஒதுக்கினார். துப்பாக்கி நடுவில் மடிந்து திறந்துகொண்டது. முகோவேக்கு முகம் சுட்டது. இரட்டைக்குழலை அவன் அதுவரை அடுத்தவன் தோளில்தான் பார்த்திருக்கிறான். அந்த ரகசியம் வெளியே வந்துவிட்டதே என்ற தவிப்பில் அவனுக்குக் காது பாதி அடைத்துவிட்டது.

"இன்னொண்ணு" என்றார் அம்மா. "ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இதோட சேஃப்டி தானா விழுந்து பூட்டிக்கும். உன் பழைய துப்பாக்கி மாதிரி இல்ல. தோட்டா போட்டு மூடின உடனே கட்டைவிரலால மறுபடி முன்னாடி தள்ளணும். தள்ளலன்னா விசையை எவ்வளவு இழுத்தாலும் வெடிக்காது. எங்க வீட்டுக்காரருக்குக் கை பழகிப்போச்சு, அதனால கழட்டாம விட்டுட்டார். நீ முதல்ல ஹராரேல துப்பாக்கி ரிப்பேர்காரன்கிட்ட குடுத்து அதைக் கழட்டிடு. கேட்டியா?"

"தெரியும்மா, தெரியும்மா" என்று சிரித்தான் முகோவே. "மீனுக்கே நீச்சல் சொல்லித் தர்றீங்களே."

நோமேட்டர் ஓரத்தில் உட்கார்ந்து ஜாம் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். திரும்பி வரும்போது கேட்டான்: "ஹராரேக்கு எப்ப போறோம்?"

"எதுக்கு? ஒரு பொம்பளை சொல்லியா நான் துப்பாக்கி கத்துக்கணும்? அதுவுமில்லாம, உள்ளே கை வச்சா சாமானோட மதிப்புப் போயிடும்டா."

அத்தோடு பேச்சு முடிந்தது. தோட்டா கிடைப்பது அரிது என்பதால் அட்டையில் நிதானமாகச் சுட்டுப் பார்த்தான். நிதானமாகச் சுடுகிறவன் ஒவ்வொரு தடவையும் சேஃப்டியைப் பார்த்துத்தான் தள்ளுவான். அதனால் குறை தெரியவில்லை. அடுத்த இறைச்சி நாளில் மபிகாவே எழுந்து வந்து ரைஃபிளைத் தடவிப் பார்த்தார். "இப்பதாம்பா நீ ஆம்பளை" என்றார். முகோவே அன்றைக்கு மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

மழைக்கு முன்னால் டென்மார்க்கிலிருந்து இங்கா என்று ஒரு பல் மருத்துவர் அம்மாள் வந்தார். தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். கையில் சாதாரண ஒற்றைக்குழல். காலையில் அவர் சுட்ட காட்டெருமை விழாமல் அடிபட்டு ஓடியது. அடிபட்டதைக் காட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். தேடிப்போய் முடித்தே ஆகவேண்டும். நோமேட்டர் ரத்தத்துளியைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தான். அவன் கையில் ஒரு குச்சிதான். பின்னால் இருப்பவனை நம்பித்தான் தடம் பார்க்கிறவன் தலையைக் குனிகிறான்.

அடர்ந்த புதருக்குள் அது பக்கவாட்டிலிருந்து வந்தது. முகோவே பயப்படவில்லை. அதையும் சொல்ல வேண்டும். வலது குழல், இடது குழல், இரண்டையும் மார்பில் இறக்கினான். எருமை முட்டி போட்டு, எழுந்து, நோமேட்டரைக் கொம்பில் அள்ளிப் போட்டது. முகோவே துப்பாக்கியை மடித்தான், விரலிடுக்கில் தயாராக வைத்திருந்த இரண்டு தோட்டாவையும் போட்டான், மூடினான். அவ்வளவு வேகமாக யாராலும் செய்ய முடியாது. முன்விசையை இழுத்தான். ஒன்றும் இல்லை. பின்விசையை இழுத்தான். ஒன்றும் இல்லை. கீழே நோமேட்டர் அலறிக்கொண்டிருந்தான். முகோவே விசையை இழுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் இங்கா அம்மாள் அவனைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் போய், எருமையின் காதுக்குப் பின்னால் சுட்டார்.

"என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"தோட்டா சரியில்ல" என்றான் முகோவே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் சேஃப்டியைத் தடவினான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

நோமேட்டருக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மறுநாள் மபிகா வந்தார். ஆள் அடிபட்டால் விசாரிப்பது சங்கத் தலைவர் பொறுப்பு. லைசென்ஸ் இருப்பதும் போவதும் அவர் சொல்லில். வெடிக்காத இரண்டு தோட்டாவையும் கையில் உருட்டிப் பார்த்தார்.

"தோட்டாமேல பழி போடாதே. துப்பாக்கி ஊசி பட்ட அடையாளமே இல்லையே. சேஃப்டி விழுந்திருக்கு. தானா விழுற சேஃப்டின்னு உனக்குத் தெரியாதா?"

முகோவே வாயைத் திறப்பதற்குள் லாம்பர்ன் அம்மா வார்டுக்குள் வந்தார். கையில் சூப் பாத்திரம். கடைசிக் கேள்வி அவர் காதில் விழுந்திருந்தது.

"அதைத்தான் அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! சொன்னேன்ல, முகோவே?"

எல்லோரும் முகோவேயைப் பார்த்தார்கள். தெரியும் தெரியும் என்று சொன்னவன், தெரிந்தும் செய்யவில்லை என்று இப்போது எப்படிச் சொல்வான்? லைசென்ஸ் போகும். அதைவிட, மபிகாவின் வாய் இருக்கிறதே, அது சாகும்வரை விடாது.

"இல்லம்மா" என்றான். "நீங்க அதைச் சொல்லவே இல்ல."

லாம்பர்ன் அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "சொல்லலியா?" என்று மட்டும் கேட்டார்.

கட்டிலில் நோமேட்டர் கண்ணை மூடிக்கொண்டான். சாவிராவின் வாய் வீட்டு வாசலுக்குள்தான். வெளியாள் முன்னால் அது குடும்பத்தைக் காட்டிக்கொடுக்காது. எங்கள் வழக்கம் அப்படி. அன்றைக்கு அது பொல்லாத வழக்கமாக இருந்தது.

"ஒரு ஆளையே கொன்னிருப்பீங்களேம்மா" என்றார் மபிகா. சூப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மா கட்டில் பக்கத்தில் மண்டியிட்டார். எழுபது தாண்டிய வெள்ளைக்கார அம்மா, எங்கள் பெண்கள் மாதிரியே உள்ளங்கையைக் குவித்து மெல்லத் தட்டி நோமேட்டரிடம் மன்னிப்புக் கேட்டார். முகோவே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூ என்று ஒருவர் துப்பியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் துப்பவில்லை. மபிகா அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் லாம்பர்ன் அம்மா பழைய ஆளாக இல்லை. சொல்லாததைச் சொன்னதாக நினைத்துவிட்டோமே என்று பயம் பிடித்துக்கொண்டது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புவார். கடையில் வாங்கியதையே மறுபடி வாங்கிவிட்டேனோ என்று கடைக்காரரிடம் கேட்பார். காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டார். விஷயம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்குப் போனது. 'இனி தனியாக விடமுடியாது' என்று மகள் கிளம்பி வந்தாள். இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே புருஷனைப் புதைத்தவரை, பெர்த்தில் முதியோர் விடுதியில் சேர்ப்பதாக முடிவானது.

செய்தியைக் கொண்டுவந்தவன் நோமேட்டர்தான். மாவுக்கட்டோடு, இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு முகோவே வீட்டு முற்றத்துக்கு வந்தான். பட்டப்பகல். முகோவேயின் மனைவி பீர் கலயத்தை வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"உங்க குலம் பொல்லாத குலம்டா" என்றான். "கொம்புல குத்தின உன் பங்காளிகூட ஒளிவுமறைவில்லாம குத்தினான். எனக்கு வலி தொடையோட நின்னுபோச்சு. நீ அந்தம்மா மண்டைக்குள்ள கைய விட்டு, புத்தியையே எடுத்துட்டே."

"வாயை மூடுறா."

"மூட மாட்டேன். நான் சாவிரா. ஆஸ்பத்திரியில மூடினதுக்கே எனக்குச் சோறு இறங்கல. காட்டுல உன் முன்னாடி தலையைக் குனிஞ்சு நடந்தேனே, எந்த நம்பிக்கையில? லைசென்ஸ் போனா மாடு மேய்ப்போம். எழுந்திரு."

முகோவே எழுந்தான்.

லாம்பர்ன் அம்மா வீட்டில் மேசை நாற்காலியெல்லாம் போயிருந்தது. வாசலில் கார் நின்றது. மகள் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். முகோவேயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வழியனுப்ப வந்தியாப்பா?"

"அம்மா" என்றான். "நீங்க சொன்னீங்க. சேஃப்டி தானா விழும்னு தெளிவா சொன்னீங்க. கழட்டச் சொன்னீங்க. நான்தான் கேக்கல. எல்லார் முன்னாடியும் உங்களைப் பொய்யாக்கிட்டேன். உங்க புத்திக்கு ஒண்ணும் இல்லம்மா. இப்பவே மபிகாகிட்ட போய்ச் சொல்றேன். நீங்க போக வேண்டாம்."

அவர் அவனையே பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நல்ல பிள்ளை நீ! இந்தக் கிழவி மனசு தேறணும்னு, உன் பேரையே கெடுத்துக்க வந்திருக்கே."

"இல்லம்மா, சத்தியமா. நோமேட்டரைக் கேளுங்க!"

"நான் என் காதால கேட்டேம்மா" என்றான் நோமேட்டர். "ரொட்டி தின்னுட்டு அங்கதான் உக்காந்திருந்தேன்."

"ரெண்டு பேரும் பேசி வச்சுட்டு வந்திருக்கீங்க" என்று அம்மா சிரித்தார். கண் நிறைந்துவிட்டது. "நோமேட்டர், உன் காலை ஒடிச்ச என்னைப் போய்த் தேத்த வந்திருக்கியேடா!" மகள் பக்கம் திரும்பினார். "பாத்தியா? நான் சொல்வேனே, இவங்க மாதிரி மனுஷங்க எங்கேயும் கிடைக்க மாட்டாங்கன்னு."

மகள் வந்து முகோவேயின் கையைக் குலுக்கி நன்றி சொன்னாள். அவன் இன்னொரு முறை ஆரம்பித்தான். மூன்றாவது முறையும் சொன்னான். சொல்லச் சொல்ல அந்த அம்மா அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, "போதும்ப்பா, போதும், எனக்குத் தெரியும்" என்றார்.

விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றாள் மகள். பெட்டிகள் கனமாக இருந்தன. நோமேட்டரால் முடியாது. முகோவே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய்க் காரில் வைத்தான்.