நிற்காத அரவை

மலர்கொடி பட்டறை வாசலில் வந்து நின்றபோது மணிவண்ணன் முகத்தில் வெல்டிங் கண்ணாடி இருந்தது. அதைக் கழற்றாமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியில் நிற்பவர்கள் வெறும் நிழலாகத்தான் தெரிவார்கள், கட்டுப் போட்ட கை தெரியாது. ஆனால் அவள், "வேலையா இருக்கியா தம்பி? முடிச்சிட்டே வா, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு, ஓரமாகக் கிடந்த பழைய டயரின் மேல் மகளோடு உட்கார்ந்துகொண்டாள். அந்தத் தன்மையான பேச்சைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு ராத்திரியாவது நன்றாகத் தூங்கியிருப்பான்.

வந்த விஷயத்தை அவள் சுற்றி வளைக்கவில்லை.

"இலக்கியாவ என் எடத்துல போடச் சொல்லு தம்பி. மொதலாளி ஆளு தேடிக்கினு இருக்காராம். நீ செஞ்ச மிஷினு. நீ ஒரு வார்த்தை சொன்னா அவரு தட்ட மாட்டாரு."

இலக்கியா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தவள், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். மடியில் கிடந்த அவளுடைய விரல்களின் நுனியில் மருதாணி பாதி அழிந்திருந்தது. மணிவண்ணன் அந்த விரல்களைப் பார்த்தான். பிறகு வேறு எங்காவது பார்க்க வேண்டும் என்று மேசைமேல் கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

மலர்கொடியின் இடம் என்றால் அரசப்பனின் உப்பு மில்லில் அரவை மிஷினின் வாய்தான். பாத்தியில் வாரிய கல் உப்பு அங்கே வந்து குவியும். கழுவி வடியவிட்டு மேலே கொட்டினால், பல் வைத்த இரண்டு உருளைகள் எதிரும் புதிருமாகச் சுழன்று அதைக் கடித்து நொறுக்கிப் பொடியாகக் கீழே தள்ளும். காய்ந்த உப்பாக இருந்தால் அது பாட்டுக்கு இறங்கிவிடும். ஈர உப்பு அப்படியில்லை, வாயிலேயே கட்டிக்கொண்டு அடம் பிடிக்கும். கட்டையால் குத்தினால் மரத்தூள் உப்பில் கலக்கிறது என்று அரசப்பன் கத்துவார். கம்பிவலை போட்டால் பெரிய கட்டிகள் அதன் மேலேயே தங்கிவிடும். ஆகவே கையால்தான் அழுத்தித் தள்ளிவிட வேண்டும்.

வெறுங்கையால் தள்ளினால் உப்பு தோலைத் தின்றுவிடும். கையுறை போட்டுப் பார்த்தார்கள், உள்ளே போன உப்பு வெளியே வர வழியில்லாமல் இன்னும் மோசமாக அறுத்தது. அதனால் பெண்கள் பழைய நூல்புடவையைக் கிழித்து, தேங்காயெண்ணெயில் தோய்த்து, உள்ளங்கையிலும் விரல்களுக்கு நடுவிலுமாகச் சுற்றி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி கையை இன்னொருத்திதான் கட்டிவிட வேண்டும். வேர்வையில் நழுவாதபடி இறுக்கிக் கட்டுவதால் தன் முடிச்சைத் தானே அவிழ்க்க முடியாது. முடிச்சுக்கு அப்பால் ஒரு முழத் துணியைத் தொங்க விடுவார்கள். கையெல்லாம் உப்பாக இருக்கும்போது கண்ணில் வழியும் வேர்வையைத் துடைக்க அந்த முனை ஒன்றுதான் சுத்தமாக இருக்கும்.

அந்த முனை அவ்வப்போது உருளையில் மாட்டிக்கொள்ளும். பழைய மிஷினில் அது ஒரு விஷயமே இல்லை. மோட்டாரிலிருந்து உருளைக்குப் போன பெல்ட் தேய்ந்து வழவழத்துப் போன பட்டை பெல்ட். கொஞ்சம் பாரம் கூடினாலும் படாரென்று நழுவித் தரையில் விழும். உருளை நின்றுவிடும். "மிஷினு மாலையக் கழட்டிடுச்சுடி," என்று பெண்கள் சிரிப்பார்கள். துணியை உருவிக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள். மணிவண்ணன் வந்து மறுபடி மாலை சூட்டுவான். அவர்கள் கேலி செய்ய அவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான், ஒரு முறை இல்லை, பல முறை. அதுதான் இப்போது முள்ளாகக் குத்தியது. துணி மாட்டும் என்று தெரியாது என்று அவன் எந்தச் சாமி முன்னாலும் சொல்ல முடியாது.

பெல்ட்டை எடுத்துவிட்டு கியர்பாக்ஸும் சங்கிலியும் போடலாம் என்ற யோசனை அவனுடையது. வானூர்ப் பக்கம் ஒரு கல் கிரஷரில் கழித்துப்போட்ட கியர்பாக்ஸை வாங்கிவந்து, கழற்றிக் கழுவி, பல் மாற்றி, உருளைகளையும் புதிதாகக் கடைந்து, ராப்பகலாக உட்கார்ந்து செய்தான். ஓட்டிக் காட்டிய அன்று பாறை மாதிரி இறுகிக் கிடந்த பழைய உப்புக் கட்டி ஒன்றை அரசப்பனே தூக்கி உள்ளே போட்டார். மிஷின் முனகக்கூட இல்லை. "இனிமே நிக்கவே நிக்காது மொதலாளி," என்றான் மணிவண்ணன். அவர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. மலர்கொடி அவன் சட்டைப்பையில் ஒரு மிட்டாயைப் போட்டு, "என் தம்பி மூளைக்காரன்," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மழை ஓய்ந்த ஒரு நாள் ஈர உப்பு. மலர்கொடியின் துணி முனை மாட்டியது. நழுவுவதற்கு எதுவும் இல்லை.

யாரோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருந்தார்கள். ஆனால் மிஷினைப் பிரிக்க மணிவண்ணன்தான் வர வேண்டியிருந்தது. அவன் சங்கிலியைக் கழற்றி, குழாய் ரெஞ்சைப் போட்டு உருளையைப் பின்பக்கமாகத் திருப்பினான். ஒவ்வொரு பல்லாக விட்டுக்கொடுத்தது. அவள் அலறி ஓய்ந்து, கூட வேலை செய்யும் விருத்தாம்பாள் தோளில் சாய்ந்து கிடந்தாள். அவன் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "உன் மிஷின கெடுத்துட்டேன் தம்பி," என்பது. வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் மிஞ்சின. ஆஸ்பத்திரிச் செலவை அரசப்பன் பார்த்துக்கொண்டார், அதற்காக அவரை எல்லோரும் மெச்சினார்கள். கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அவளைச் சொன்னார்கள். மிஷினைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

"அக்கா," என்றான் மணிவண்ணன் இப்போது, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு. "அன்னைக்கு நடந்தது உன் தப்பு இல்ல."

"அத்த விடு. துணிய நீட்டமா வுட்டது நானு. யார சொல்றது?" அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஈயை ஓட்டினாள். "இதுக்குச் சின்னதா வுடச் சொல்லிட்டேன். இது உசாரான பொண்ணுதான்."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொன்னால் அந்த 'தம்பி' இனிமேல் அவள் வாயில் வராது. தான் பயந்தது அதற்குத்தான் என்று தெரிந்தபோது மணிவண்ணனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதோடு, இலக்கியா இல்லையென்றால் வேறொருத்தி வந்து நிற்பாள். அவளுக்கும் கை இருக்கிறது.

"சொல்றேன் அக்கா," என்றான். "அமாவாசை கழிச்சு வரச் சொல்லு."

அமாவாசையன்று மில் லீவு. சாவியை வாங்கிக்கொண்டு காலையிலேயே தனியாகப் போனான். செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சங்கிலிச் சக்கரத்தை உருளையின் தண்டோடு ஒரு இரும்புக் கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அதைத் தட்டி எடுத்துவிட்டு, சக்கரத்துக்கும் தண்டுக்கும் ஒரே நேராகத் துளை போட்டு, ஒரு மெல்லிய பின்னைச் சொருக வேண்டும். பாரம் மிஞ்சினால் பின் முறியும், சக்கரம் வெறுமனே சுற்றும், உருளை நின்றுவிடும். இது ஒன்றும் அவனுடைய கண்டுபிடிப்பு இல்லை. ஐ.டி.ஐ.யில் படித்த பாடம். கியர்பாக்ஸ் மாட்டிய அன்றே ஞாபகம் வந்தது. ஆனால் பின் முறிந்தால் மிஷின் நிற்கும், நிற்காத மிஷின் என்றல்லவா சவடால் விட்டிருந்தான். அதனால் வேண்டாம் என்று விட்டான். இதை நினைத்தபோது டிரில்லை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கீழே உட்கார்ந்துவிட்டான்.

கைக்குப் பதிலாக வைத்துப் பார்க்கக் கடைவீதியில் கரும்பு வாங்கி வந்திருந்தான். ஒரு துண்டைத் துணியில் சுற்றி, முனையை உருளைக்குக் கொடுத்தான். இரும்புப் பின்னுக்குக் கரும்பு இருந்த இடமே தெரியவில்லை, கீழே சக்கைதான் வந்தது. பித்தளைப் பின்னுக்கும் அதே கதி. கடைசியில் மில்லுக்குப் பின்னால் நின்ற பூவரச மரத்திலிருந்து காய்ந்த கிளை ஒன்றை ஒடித்து, சீவி, அதைச் சொருகினான். துணி போயிற்று, கரும்பின் நுனியில் பல் பதிந்தது, டக்கென்று பின் முறிந்து உருளை நின்றது. கரும்பை எடுத்துப் பார்த்தான். தோலில் ஒரு கீறல், அவ்வளவுதான். மறுபடி மறுபடி செய்து பார்த்தான், கரும்பு தீரும் வரை. ஒவ்வொரு முறையும் நின்றது. ஒரு குச்சி. அவள் விரல்களைக் காப்பாற்ற அந்தக் குச்சி போதுமானதாக இருந்திருக்கும். அவன் சக்கைகளுக்கு நடுவே நின்று வாய்விட்டு அழுதான்.

அழுதவன் அரசப்பனிடம் உண்மையைச் சொன்னானா என்றால் அதுவும் இல்லை.

"லோடு ஜாஸ்தியானா கியர்பாக்ஸ் வெந்துடும் மொதலாளி. அதுக்காக ஒரு பின்னு போட்டுருக்கேன்."

"அடிக்கடி நிக்குமாப்பா?" என்று அரசப்பன் சந்தேகமாகக் கேட்டார். "பழைய பெல்ட்டு கதையா ஆயிடப் போவுது."

"எப்பவாவதுதான். கியர்பாக்ஸ் போச்சுன்னா திரும்பக் கெடைக்காதுங்க."

கியர்பாக்ஸ் என்றதும் அவர் உடனே ஒப்புக்கொண்டார். இலக்கியாவுக்கும் சரி என்றார்.

அவள் முதல் நாள் வந்தபோது மணிவண்ணன் சட்டைப்பை நிறையப் பூவரசம்பின்களோடு மிஷின் அருகில் நின்றான். உப்புக் குவியலில் விழுந்த வெயிலில் கண் கூசியது. இலக்கியா கையில் வைத்திருந்தது அம்மாவின் பழைய புடவைக் கிழிசல், நீலப் பூப் போட்டது. விருத்தாம்பாள் அதைக் கட்டிவிட வந்தாள்.

"கொஞ்சம் இரு," என்றான் அவன். "மொதல்ல எனக்குக் கட்டு. பின்னு சரியா வேல செய்யுதான்னு பாக்கணும்."

பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மேஸ்திரி நம்ப வேலைக்கு வந்துட்டாருடி," என்றாள் விருத்தாம்பாள். இலக்கியா சிரிக்காமல் அவன் வலது கையைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். அம்மா சொல்லிக்கொடுத்தபடி விரல்களுக்கு நடுவில் விட்டு, மணிக்கட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். மிச்சத் துணியைக் கிழிக்கப் போனாள்.

"அத்த அப்படியே வுடு."

"அம்மா சின்னதா வுடச் சொல்லிச்சுண்ணா."

"எனக்கு நீட்டமாவே இருக்கட்டும்."

விருத்தாம்பாளிடம் சுவிட்சைப் போடச் சொன்னான். கரும்பு வேறு, இது வேறு என்று அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. கால்கள் பின்னால் போகப் பார்த்தன. துணி முனையை உள்ளே விட்டான். உருளை அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. கை இழுபட்டது. தோள் இழுபட்டது. நெஞ்சு மிஷினின் விளிம்பில் போய் மோதியது. விரல் நுனிகளில் இரும்பின் குளிர்ச்சி பட்டபோது அவன் மலர்கொடியை நினைத்தான். அவளும் இந்தக் குளிர்ச்சியை உணர்ந்திருப்பாள், பெல்ட் இப்போது விழும் என்று ஒரு நொடி காத்திருப்பாள்.

டக்கென்றது. உருளை நின்றது. சங்கிலி மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது, பிறகு விருத்தாம்பாள் அதையும் நிறுத்தினாள்.

"மாலையக் கழட்டிடுச்சுடி," என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, ரொம்ப நாளைக்குப் பிறகு அத்தனை பேரும் சிரித்தார்கள். டீ கொண்டு வரச் சொன்னார்கள். மணிவண்ணன் கையை இழுத்தான், வரவில்லை. துணி பற்களுக்குள் இருந்தது, முடிச்சு சதைக்குள் புதைந்திருந்தது, இடது கையால் எட்டியும் பிடி கிடைக்கவில்லை. இலக்கியா குனிந்து நகத்தால் முடிச்சைக் கிள்ளி நெம்பத் தொடங்கினாள். பாதி அவிழ்ந்தது. அவள் விரல்கள் மெதுவாயின. பின் முறிந்து விழுந்த இடத்தைப் பார்த்தாள், அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த குச்சிகளைப் பார்த்தாள்.

"ண்ணா," என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "இப்ப நின்னுடுச்சு இல்ல. இது மாதிரி அன்னைக்கு ஏன் நிக்கல?"

அவன் வாயைத் திறந்தான். உப்புக் காற்றில் உதடு காய்ந்திருந்தது. இலக்கியா முடிச்சிலிருந்து விரல்களை எடுத்துவிட்டாள். அவன் கை மிஷினின் வாயில் அப்படியே இருக்க, அவள் பக்கத்தில் நின்று காத்திருந்தாள்.